பதின்மூன்று வெற்றியும் ஒரு காலும்

கதை எழுதுகிறவன் என்று என்னைப் பற்றி நாலு பேர் சொல்லியிருக்கலாம். விளையாட்டு தெரிந்தவன் என்று ஒருவரும் சொன்னதில்லை. நான் கல்லூரியில் இருந்ததே இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷமும் மைதானத்துக்குள் கால் வைத்தது, அதைக் குறுக்கே கடந்தால் வாசகசாலைக்குச் சீக்கிரம் போய்விடலாம் என்பதற்காகத்தான். அப்படிப்பட்டவன் அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளின் பந்தாட்டத்தை விமர்சிக்க உட்கார்ந்தால் வாசகர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். ஆட்டத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் முடிவு என்ற ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். இருபது வருஷமாக அதனோடுதான் மல்லுக்கட்டி வருகிறேன். 2023-ஆம் வருஷக் கடைசியில் நடந்த ‘பௌல்’ பந்தயங்களில் நான் கண்டது, ஒரு நல்ல கதைக்கு எப்படித் தவறான முடிவு எழுதப்படுகிறது என்பதைத்தான்.

அந்த டிசம்பரில் நான் என் மருமான் வீட்டில், அமெரிக்காவில், தங்கியிருந்தேன். குளிருக்குப் பயந்து வெளியே போகாமல் அவனோடு டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்ததில்தான் இந்தப் பழக்கம் வந்தது. அவர்கள் ‘ஃபுட்பால்’ என்று சொல்வது நம் ஊர்க் கால்பந்து அல்ல. பந்து இரண்டு முனையும் கூம்பிப்போய்த் தேங்காய் மாதிரி இருக்கிறது. அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நாலு தடவைக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு தடவை, இல்லாவிட்டால் பந்து எதிர்க் கோஷ்டிக்கு. இத்தனைக்கும் சூத்திரதாரி குவார்ட்டர்பேக் என்பவன். பந்து முதலில் அவன் கைக்குத்தான் வருகிறது. தானே ஓடுவதா, இன்னொருவனிடம் கொடுப்பதா, தூரத்தில் ஓடுகிறவனுக்கு எறிவதா என்பதை இரண்டு மூன்று விநாடிக்குள் அவன் தீர்மானிக்க வேண்டும். அதற்குள் எதிராளிகள் மலை சரிந்த மாதிரி அவன்மேல் விழுகிறார்கள். இவ்வளவு தெரிந்தால் இந்தக் கட்டுரைக்குப் போதும்.

‘பௌல்’ என்றால் கிண்ணம். அந்தப் பேர் வந்த கதை ருசியானது. கலிபோர்னியாவில் பாஸடீனா என்ற ஊர்க்காரர்கள் 1890 முதல் புத்தாண்டு தினத்தில் ரோஜாப்பூ ஊர்வலம் நடத்தி வந்தார்கள். கிழக்கே பனியில் விறைத்துக் கிடக்கும் ஜனங்களுக்கு, ‘எங்கள் ஊரில் ஜனவரியிலும் பூப் பூக்கிறது, வாருங்கள்’ என்று சொல்லாமல் சொல்வதே உத்தேசம். 1902-இல் ஊர்வலத்தோடு ஒரு பந்தாட்டத்தையும் சேர்த்தார்கள். மிச்சிகன் சர்வகலாசாலை 49, ஸ்டான்ஃபோர்டு பூஜ்யம். நேரம் முடிவதற்கு முன்னாலேயே ஸ்டான்ஃபோர்டு பிள்ளைகள் ‘போதும்’ என்று கும்பிடு போட்டுவிட்டார்கள். அதன்பிறகு சில வருஷம் பந்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ரதப் பந்தயம்கூட விட்டுப் பார்த்தார்கள். 1916-இல் பந்து திரும்பி வந்தது. 1922-இல் கட்டின மைதானம் கிண்ணம் மாதிரி இருந்ததால் அது ‘ரோஸ் பௌல்’ ஆயிற்று. பாஸடீனாவுக்குக் கூட்டம் வருவதைப் பார்த்துக்கொண்டு மற்ற ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1935-இல் மியாமியில் ஆரஞ்சுக் கிண்ணம், நியூ ஆர்லியன்ஸில் சர்க்கரைக் கிண்ணம். 1937-இல் டல்லாஸில் பருத்திக் கிண்ணம். ஊரில் எது விளைகிறதோ அதுவே பேர்.

இந்தப் பேர்களில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. கிண்ணப் பந்தயம் என்பது அறுவடை முடிந்த பிறகு வைக்கிற விருந்து. பிள்ளைகள் ஆகஸ்டு முதல் உழைத்திருக்கிறார்கள். நன்றாக ஆடியவர்களை வெயில் காய்கிற ஊருக்கு அழைத்து, ஊர்வலம் காட்டி, சாப்பாடு போட்டு, கடைசியாக ஓர் ஆட்டம் ஆடச் சொல்கிறார்கள். தேசத்திலேயே முதல் கோஷ்டி எது என்று பத்திரிகை நிருபர்கள் 1936 முதல் ஓட்டெடுத்து வந்தார்கள். பல வருஷம் அந்தக் கடைசி ஓட்டைக் கிண்ணப் பந்தயங்களுக்கு முன்னாலேயே எடுத்து முடித்துவிடுவார்கள். 1968 முதல்தான் பந்தயங்களுக்குப் பிறகு ஓட்டெடுப்பது நிலையான வழக்கமாயிற்று. அதாவது ஆதியில் விருந்து வேறு, தீர்ப்பு வேறு. இரண்டையும் ஒரே இலையில் பரிமாற ஆரம்பித்ததிலிருந்துதான் வயிற்றுக்கோளாறு.

விருந்து விருந்தாக இருக்கிற இடத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. 2023 பருவத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட கிண்ணங்கள். பன்னிரண்டு ஆட்டத்தில் ஆறு ஜயித்தால் அழைப்பு உண்டு. ஆள் குறைந்தபோது ஐந்தே ஜயித்த மினசோட்டாவுக்கும் டெட்ராய்டில் ஓர் இலை போட்டார்கள். அவர்களும் போய் 30–24 என்று ஜயித்துவிட்டு வந்தார்கள். சார்லட் நகரத்தில் மயோனைஸ் கம்பெனிக்காரர்கள் நடத்துகிற கிண்ணத்தில், ஜயித்த வெஸ்ட் வர்ஜீனியாவின் பயிற்சியாளருக்குத் தலையோடு மயோனைஸ் அபிஷேகம் ஆயிற்று. ஆர்லாண்டோவில் ‘பாப் டார்ட்ஸ்’ என்ற பலகாரத்தின் பேரில் ஒரு கிண்ணம். அந்தப் பலகாரம்போல் வேஷம் கட்டிய ஒருவர் ஆட்டம் முழுதும் ஆடிப் பாடிவிட்டு, கடைசியில் ஆள் உயர ரொட்டி வாட்டும் யந்திரத்துக்குள் சிரித்துக்கொண்டே இறங்கினார். கீழே நிஜப் பலகாரம் வெளியே வந்தது. ஜயித்த கான்ஸஸ் ஸ்டேட் பிள்ளைகள் அதைப் பிய்த்துத் தின்றார்கள். பெரிய விமர்சகர்கள் இதையெல்லாம் வியாபார ஆபாசம் என்பார்கள். நான் சொல்லமாட்டேன். தேர்த்திருவிழாவில் ராட்டினக்காரனும் வளையல் கடைக்காரனும் இருப்பது தேருக்கு அவமானமா என்ன? அவர்கள் வடத்தைப் பிடித்துத் தேரை வேறு தெருவுக்குத் திருப்பினால்தான் விஷயம் விபரீதம்.

தேர் திரும்பிய கதைக்கு வருகிறேன்.

2014 பருவம் முதல் 2023 வரை ஓர் ஏற்பாடு இருந்தது. பதின்மூன்று பேர் கொண்ட குழு ஒன்று உட்கார்ந்து நாலே நாலு கோஷ்டிகளைத் தேர்ந்தெடுக்கும். இரண்டு கிண்ணங்களில் அந்த நாலும் மோதி, ஜயித்த இரண்டும் கடைசியில் பட்டத்துக்கு ஆடும். 2023-இல் ஃப்ளோரிடா ஸ்டேட் சர்வகலாசாலை பன்னிரண்டு ஆட்டமும் ஜயித்து, தன் வட்டாரத்துப் பட்டத்துக்கான பதின்மூன்றாவது ஆட்டத்தையும் ஜயித்தது. ஒரு தோல்வி கிடையாது. ஆனால் நடுவில் ஒரு சங்கடம். நவம்பர் 18 அன்று அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜார்டன் டிராவிஸுக்குக் கால் போய்விட்டது. வண்டியில் ஏற்றி மைதானத்திலிருந்து கொண்டுபோனார்கள். அடுத்த வாரம் இரண்டாவது ஆளை வைத்து ஃப்ளோரிடாவை அதன் சொந்த மைதானத்திலேயே 24–15 என்று ஜயித்தார்கள். அந்த இரண்டாவது ஆளுக்கும் தலையில் அடி. டிசம்பர் 2 அன்று, முதல் வருஷம் படிக்கிற ப்ராக் க்ளென் என்ற பையனை நிறுத்தி, லூயிவில் சர்வகலாசாலையை 16–6 என்று ஜயித்தார்கள். பையன் தடுமாறினான், வாஸ்தவம். ஆனால் மற்றவர்கள் அவனுக்காகச் சேர்ந்து எதிராளியை ஆறு புள்ளிக்கு மேல் எழும்பவிடவில்லை. கதை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த அத்தியாயம் அதுதான். தலைவன் படுத்த பிறகும் குடும்பம் நின்றது.

மறுநாள் குழு தீர்ப்புச் சொல்லிற்று. மிச்சிகன், வாஷிங்டன், டெக்ஸஸ், அலபாமா. ஃப்ளோரிடா ஸ்டேட் ஐந்தாவது. முந்திய வாரம் இதே குழு அவர்களை நாலாவதாக வைத்திருந்தது. அப்போதே கால் முறிந்துதான் இருந்தது. நாலாவதாக இருந்தவன் ஜயித்து ஐந்தாவதானான். எட்டாவதாக இருந்த அலபாமா, முதலிடத்திலிருந்த ஜார்ஜியாவை வீழ்த்தி நாலாவதாயிற்று. பெரிய வட்டாரங்கள் ஐந்தில் பட்டம் பெற்று, ஒரு தோல்வியும் இல்லாத கோஷ்டி நாலுக்குள் வராமல் போனது அந்தப் பத்து வருஷத்தில் அதுவே முதல் தடவை. காரணம் கேட்டதற்கு, டிராவிஸ் இல்லாத கோஷ்டி வேறு கோஷ்டி என்றார்கள்.

“அநியாயமில்லையா?” என்றேன்.

“மாமா, சட்டத்திலேயே இடம் இருக்கிறது” என்றான் மருமான். “முக்கியமான ஆட்டக்காரன் இல்லாமல் போனால், இனிமேல் ஆடப்போகிற ஆட்டம் பாதிக்குமா என்று பார்க்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.”

விசாரித்ததில் அவன் சொன்னது சரிதான். குழுவின் பக்கத்திலும் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அலபாமா, மலைபோல் நின்ற ஜார்ஜியாவைத் தள்ளியது சாமானியக் காரியமல்ல. அந்த அலபாமாவை செப்டம்பரில் அதன் ஊருக்கே போய் 34–24 என்று தோற்கடித்தது டெக்ஸஸ். ஆகவே அலபாமாவை எடுத்தால் டெக்ஸஸை விடமுடியாது. தோல்வியே இல்லை என்பது மட்டும் பெரிய யோக்கியதையும் அல்ல. லிபர்ட்டி என்ற சர்வகலாசாலையும் அந்த வருஷம் பதின்மூன்றும் ஜயித்தது, பிறகு ஃபியஸ்டா கிண்ணத்தில் ஆரிகனிடம் 45–6 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. எதிராளி யார் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். எடுத்த நாலு பேரும் ரசிகர்களை ஏமாற்றவில்லை. ரோஸ் பௌலில் மிச்சிகன் கடைசி ஒன்றரை நிமிஷத்தில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 27–20 என்று அலபாமாவை வென்றது. கடைசி வாய்ப்பில், மூன்று கெஜ தூரத்தில், அலபாமாவின் குவார்ட்டர்பேக்கை மறித்து வீழ்த்தினார்களே, அப்போது நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

ஆனால் ஆட்டம் நன்றாக இருந்தது என்பது தீர்ப்பு சரி என்பதற்குச் சாட்சி ஆகாது. என் புகார் வேறு. செய்ததற்குத் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தவர்கள், செய்யப்போவதற்குத் தீர்ப்புச் சொன்னார்கள். அது நீதிபதியின் வேலையல்ல, ஜோசியனின் வேலை. அந்த ஜோசியம் எவ்வளவு தூரம் பலிக்கும் என்பதற்கு அதே பருவம் இரண்டு உதாரணங்களை வைத்திருந்தது. லூயிவில், ஃப்ளோரிடா ஸ்டேட்டின் மூன்றாவது ஆளிடம் தோற்றதல்லவா? அதே லூயிவில் டிசம்பர் 27 அன்று ஸான் டியாகோவில் ஸதர்ன் கலிபோர்னியாவோடு ஆடியது. அங்கே முந்திய வருஷம் தேசத்திலேயே சிறந்த ஆட்டக்காரன் என்று விருது வாங்கிய காலெப் வில்லியம்ஸ் ஆட வரவில்லை. அவன் இடத்தில் மில்லர் மாஸ் என்ற பையன், வாழ்க்கையில் முதல் தடவையாக ஆரம்பம் முதல் ஆட நின்றான். பந்தை எறிந்தே ஆறு தடவை எல்லை சேர்த்து 42–28 என்று ஜயித்தான். வில்லியம்ஸ் இல்லாத கோஷ்டி வேறு கோஷ்டி என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் சரியாகத்தான் இருந்திருக்கும். அன்றைக்கு அது தோற்கடிக்க முடியாத வேறு கோஷ்டி!

இன்னொன்று வாஷிங்டனின் குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ். முன்பு இண்டியானாவில் படித்தபோது நாலு வருஷமும் அடிபட்டு நாலு பருவமும் பாதியில் நின்றவன். முழங்கால் இரண்டு தடவை, தோள் இரண்டு தடவை. ஜோசியர்கள் கையில் விட்டிருந்தால் அவன் எப்போதோ கணக்குப்பிள்ளை வேலைக்குப் போயிருப்பான். அவன்தான் சர்க்கரைக் கிண்ணத்தில் 430 கெஜம் எறிந்து டெக்ஸஸை 37–31 என்று சாய்த்து, வாஷிங்டனைக் கடைசி ஆட்டம்வரை கொண்டுவந்தான். ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் மிச்சிகன் 34–13 என்று ஜயித்துப் பட்டம் வாங்கியது. அந்த மிச்சிகனின் பயிற்சியாளர், எதிராளிகளின் சைகைகளைத் திருடிப் படித்த விவகாரத்தில் பருவத்தின் கடைசி மூன்று ஆட்டங்களுக்கு மைதானத்துக்கே வரக்கூடாது என்று தண்டிக்கப்பட்டவர். அது எங்கள் விசாரணைக்கு உட்பட்டதல்ல என்று குழு விட்டுவிட்டது. சைகையைத் திருடியது கணக்கில் வரவில்லை. கால் முறிந்தது வந்தது.

ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு ஆறுதலாக ஆரஞ்சுக் கிண்ணம் கிடைத்தது. எதிரே ஜார்ஜியா. டிசம்பர் 30. நான் பார்த்தவற்றில் மிகவும் துக்ககரமான ஆட்டம் அது. பட்டம் இல்லை என்று ஆன பிறகு எதற்காக உடம்பைப் புண்ணாக்கிக்கொள்வது என்று, சம்பள ஆட்டத்துக்குப் போகக் காத்திருந்த பெரிய ஆட்டக்காரர்கள் விலகிவிட்டார்கள். சிலர் வேறு சர்வகலாசாலைக்கு மாறப் போய்விட்டார்கள். இரண்டு டஜனுக்கு மேற்பட்டவர்கள் இல்லை. மிச்சமிருந்த பிள்ளைகள் வந்து நின்றார்கள். பாதி ஆட்டத்தில் 42–3. முடிவில் 63–3. கிண்ணப் பந்தயங்களின் சரித்திரத்திலேயே அவ்வளவு பெரிய வித்தியாசம் அதுவரை இல்லை. ஜயித்த பயிற்சியாளரே, ஜனங்கள் இதைப் பார்க்க வேண்டும், இதைச் சரிசெய்ய வேண்டும் என்று வருத்தப்பட்டுப் பேசினார்.

மறுநாளே பலர், ‘பார்த்தீர்களா, குழு சொன்னது சரியாகப் போயிற்று’ என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவன் மழையில் நனைந்து வந்து நின்றால், ‘இந்தக் கோலத்தில் இருப்பவனையா உள்ளே வைத்திருக்கச் சொன்னீர்கள்?’ என்று கேட்பது என்ன தர்க்கம்? லூயிவில்லை ஆறு புள்ளியில் நிறுத்தியவர்களில் எத்தனை பேர் மியாமியில் இருந்தார்கள்? தீர்ப்புத்தான் அந்தக் கோஷ்டியை உடைத்தது. உடைந்த கோஷ்டியைக் காட்டித் தீர்ப்பை நியாயப்படுத்துவது, முடிவை முதலில் எழுதிவிட்டுப் பாத்திரங்களை அதற்குத் தக்கபடி முடமாக்குகிற மோசமான நாவலாசிரியன் செய்கிற வேலை. நானே செய்திருக்கிறேன். அதனால் தெரியும்.

இவ்வளவுக்கும் நடுவில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது புள்ளிகள் அல்ல. தீர்ப்பு வந்த அன்று, கட்டுக்காலோடு இருந்த டிராவிஸ் எல்லோரும் பார்க்கும்படி நாலு வரி எழுதினான். தன் கால் இன்னும் முன்னாலேயே முறிந்திருக்கக் கூடாதா என்றான். அப்படியானால் தான் இல்லாமலும் இந்தக் கோஷ்டி எவ்வளவு நல்ல கோஷ்டி என்று பார்க்க எல்லோருக்கும் அவகாசம் கிடைத்திருக்குமே என்றான். கடைசியில் மன்னிப்பும் கேட்டுக்கொண்டான். யாரிடம், எதற்காக? கால் முறிந்தவன் மன்னிப்புக் கேட்கிறான்! மருமான் அதைப் படித்துக் காட்டியபோது நான் எழுந்து அடுக்களைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். எனக்கு ஒரு கார்டு ஞாபகம் வந்துவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகை நடத்திய சிறுகதைப் போட்டிக்கு நடுவர்கள் மூவரில் நான் ஒருவன். கடைசிச் சுற்றுக்கு வந்த கதைகளில் ஒன்று, ஒரு கிராமத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது. கண் மங்கிவிட்டதால் மகளுக்குச் சொல்லச் சொல்ல அவள் எழுதியது என்று கூட ஒரு குறிப்பு. மூன்று பேருமே அதற்குத்தான் அதிக மார்க் போட்டிருந்தோம். தீர்மானிக்கிற அன்று மற்றொரு நடுவர் சொன்னார்: “கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரியவர் இனிமேல் எவ்வளவு எழுதப் போகிறார்? முதல் பரிசை வளர்கிற பையன் ஒருவனுக்குக் கொடுத்தால் நாளைக்கு உபயோகப்படும்.” கேட்க நியாயமாக இருந்தது. எதிர்காலம் என்ற சொல்லுக்கு எப்போதும் ஒரு மரியாதை இருக்கிறதே! நான் தலையை ஆட்டினேன். பெரியவருக்கு ஆறுதல் பரிசு என்று முடிவாயிற்று.

ஒரு மாதம் கழித்து, மகள் கையெழுத்தில் எனக்கு ஒரு கார்டு வந்தது. பரிசுக்கு வந்தனம் சொல்லிவிட்டு, ‘தங்கள் பார்வையில் கதையில் எந்த இடத்தில் குறை என்று தெரிவித்தால் அடுத்ததில் திருத்திக்கொள்வேன்’ என்று கேட்டிருந்தார். நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது? கதையில் குறை இல்லை. குறை என்று நாங்கள் எடுத்துக்கொண்டது அவருடைய கண்ணை.

செய்த காரியத்தைப் பார்த்துத் தோற்கடித்தால், தோற்றவனுக்குக் கையில் ஏதாவது மிஞ்சும்: இந்த இடத்தில் தவறினேன், அடுத்த தடவை தவறமாட்டேன் என்று. செய்யாத காரியத்துக்காகத் தோற்கடித்தால் அவனுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. குறையை வெளியே தேடிக் காணாமல், தன்னிடமே தேடுகிறான். கடைசியில் முறிந்த காலுக்கும் மங்கிய கண்ணுக்கும் அவனே மன்னிப்புக் கேட்கிறான்.

2024 பருவத்திலிருந்து நாலைப் பன்னிரண்டு ஆக்கிவிட்டார்கள். நல்லதுதான், ஆனால் ஐந்தாவதாக நிற்பவனின் துக்கம் இனிப் பதின்மூன்றாவதாக நிற்பவனுக்கு, அவ்வளவே. ஃப்ளோரிடா ஸ்டேட் அந்த 2024-இல் இரண்டு ஆட்டம் ஜயித்துப் பத்தில் தோற்றது. டிராவிஸைச் சம்பள ஆட்டத்துக்கு ஒரு கோஷ்டி எடுத்துக்கொண்டது; கால் குணமாகவில்லை. ஓர் ஆட்டமும் ஆடாமல் 2025 ஏப்ரலில் ஓய்வு என்று அறிவித்துவிட்டான். பதின்மூன்று வெற்றி மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்குரிய இலையை யாரும் இனிப் போட முடியாது.

அந்தக் குளிர்காலம் முடிந்து ஊர் திரும்பியதும் கடிதப் பெட்டியைக் கவிழ்த்துக் கார்டைத் தேடி எடுத்தேன். ‘கதையில் குறை எதுவும் இல்லை. அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை’ என்று எழுதிப் போட்டேன். பத்து நாளில் மகளிடமிருந்து பதில் வந்தது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினாளாம். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாராம். அடுத்த கதையைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார் என்றும் எழுதியிருந்தாள்.